அடிபட்ட உடம்பில் ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் என்ன செய்கின்றன?

பெரிய விபத்தில் சிக்கியவர்களில் முதல் சில மணி நேரத்தில் இறப்பவர்கள் பெரும்பாலும் ரத்தம் இழந்தோ தலையில் பட்ட அடியாலோ இறக்கிறார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டி ஐசியுவில் ஒரு வாரம் கிடப்பவரைக் கொண்டுபோவது வேறு. எங்கோ ஒரு தொற்று நுழைகிறது, உடல் அதை எதிர்க்கப் போய்க் கட்டு மீறி செப்சிஸ் ஆகிறது, அப்புறம் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. எலும்பைச் சேர்த்தாயிற்று, ரத்தம் ஏற்றியாயிற்று, அறுவை சிகிச்சையும் நல்லபடி முடிந்தது, ஆனாலும் ஆள் தேறவில்லை என்றால் அங்கே தடம் புரண்டது பெரும்பாலும் நோய் எதிர்ப்பு மண்டலம்தான்.

இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டா என்றால் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளின் 1979 முதல் 2000 வரையிலான பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், காயத்தால் வந்தது, மற்ற காரணங்களால் வந்தது எல்லாவற்றையும் சேர்த்து, செப்சிஸ் வரும் வாய்ப்பு பெண்களைவிட ஆண்களுக்கு 1.28 மடங்கு இருந்தது. இதைப் பார்த்துவிட்டு "பெண்களுக்கு எதிர்ப்பு சக்தி அதிகம், ஆண்களுக்குக் கம்மி, எல்லாம் ஹார்மோன் செய்கிற வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை நம்பிப் போனால் தப்பான இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். ஒரே ஹார்மோன் ஒரு காயத்தில் காப்பாற்றுகிறது, இன்னொரு காயத்தில் கெடுக்கிறது. எந்தக் காயம், எந்த உறுப்பு, எத்தனையாவது நாள், எந்த வயது, எவ்வளவு அளவு என்று கேட்காமல் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் நல்லது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கெட்டது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

முதலில், அடிபட்டதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். திசு நசுங்கினால் செல்கள் உடைந்து உள்ளே இருந்தவை ரத்தத்தில் கலக்கின்றன. அதில் முக்கியமானது மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்கு ஆற்றல் தரும் இந்த உறுப்பு, நூறு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் ஒரு பாக்டீரியாவாக இருந்து செல்லுக்குள் குடியேறியது. அதன் டிஎன்ஏ இன்றும் பாக்டீரியாவின் டிஎன்ஏ மாதிரியேதான் இருக்கிறது. அதனால் கிருமி ஒன்றுகூட நுழையாத காயத்தில்கூட, வெளியே கொட்டிய மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்து வெள்ளணுக்கள் தொற்று வந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு முழு வீச்சில் இறங்குகின்றன. 2010-ல் நேச்சர் இதழில் இது விளக்கமாக வெளிவந்தது. மறு ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, கடுமையாக அடிபட்டவர்களின் வெள்ளணுக்களில் மரபணுச் செயல்பாட்டின் 80 சதவீதத்துக்கும் மேல் மாறிவிடுவதைக் காட்டியது. ஏதோ சில ஜீன்கள் கூடிக் குறைவது என்ற அளவில் இல்லை, ஏறக்குறைய மொத்த செல்லும் வேறு நிலைக்குப் போய்விடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, அழற்சி பொங்குவதும் எதிர்ப்பு அடங்கிப்போவதும் ஒன்றன் பின் ஒன்றாக வருவதில்லை, பெரும்பாலும் சேர்ந்தே நடக்கின்றன. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் நுரையீரலில் குவிந்து நல்ல திசுவையே அரித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், கிருமியைக் குறிவைத்துத் தாக்க வேண்டிய டி செல்கள் சோர்ந்து கிடக்கும். கிருமியின் துண்டை மற்ற செல்களுக்கு எடுத்துக்காட்ட வேண்டிய மோனோசைட்டுகள், காட்டுவதற்கான மூலக்கூறுகளைத் தங்கள் மேற்பரப்பிலிருந்து குறைத்துக்கொண்டிருக்கும். இப்படிக் குறைந்தது பல நாள் திரும்ப ஏறாமலே இருந்தால் அந்த நோயாளிக்குத் தொற்று வரும் அபாயம் கூடுகிறது.

இதில் பால் ஹார்மோன்கள் எப்படி நுழைகின்றன? அவை கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகள். செல் சவ்வைத் தாண்டி உள்ளே போய், ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து, டிஎன்ஏ மேல் உட்கார்ந்து எந்த ஜீன் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை மாற்றும். ஈஸ்ட்ரோஜனுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு முக்கிய ஏற்பிகள் உண்டு, செல் சவ்வை ஒட்டி வேலை செய்யும் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அது நிமிடங்களிலேயே பலன் காட்டும். டெஸ்டோஸ்டிரோனுக்கு ஆண்ட்ரோஜன் ஏற்பி. நியூட்ரோஃபில், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ், டி செல், எதிர்ப்புப் புரதம் செய்யும் பி செல் என்று எதிர்ப்புச் செல்களைப் பார்த்தால் இந்த ஏற்பிகள் ஏதோ ஒரு அளவில் எல்லாவற்றிலும் இருக்கின்றன. அதாவது பால் ஹார்மோன் என்று பெயர் வைத்துவிட்டதால் அதற்கு இனப்பெருக்கம் ஒன்றுதான் வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. இந்தத் தொடர்பு கண்ணில் பட்டதும் நேற்று இன்று இல்லை. விரை நீக்கிய முயல்களில் தைமஸ் சுரப்பி பெரிதாக இருப்பதை கால்சோலாரி என்ற இத்தாலிய ஆய்வாளர் 1898-லேயே எழுதி வைத்திருக்கிறார். டி செல்கள் முதிர்கிற இடம் தைமஸ்தான் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

காயத்தையும் ஹார்மோனையும் நேருக்கு நேர் சேர்த்துப் பார்த்தது 1990-களில் இர்ஷாத் சௌத்ரியும் அவருடன் வேலை செய்த மார்ட்டின் ஆங்கெலே போன்ற அறுவை சிகிச்சை ஆய்வாளர்களும்தான். அவர்கள் சோதனையை நான் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் நம்பிக்கை, ஏமாற்றம் இரண்டுமே அங்கிருந்துதான் தொடங்குகின்றன. எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து மூடி, ரத்தத்தை வெளியே எடுத்து ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி ஒன்றரை மணி நேரம் போல அப்படியே வைத்திருந்து, பிறகு திரவம் ஏற்றி மீட்பார்கள். ஒரு விபத்தில் நடப்பதை ஆய்வகத்துக்குள் கொண்டுவரும் முயற்சி இது. ஆண் எலிகளில் இதற்குப் பிறகு மண்ணீரலின் டி செல்களும் மேக்ரோஃபேஜ்களும் மந்தமாகிவிட்டன. பெண் எலிகளில், குறிப்பாக ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் புரோஈஸ்ட்ரஸ் கட்டத்தில் இருந்தவற்றில், அப்படி ஆகவில்லை. எதிர்ப்பு குறையவில்லை, சில அளவீடுகளில் கூடவும் செய்தது. அதன் பிறகு தொற்றை உண்டாக்கியபோது அந்தப் பெண் எலிகளே அதிகம் பிழைத்தன.

அடுத்து இதற்குக் காரணம் ஹார்மோன்தானா என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆண் எலிகளுக்கு இரண்டு வாரம் முன்பே விரை நீக்கினால் எதிர்ப்பு மந்தமாகவில்லை. பெண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோனின் வீரியமான வடிவமான டிஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தால், அவையும் ஆண் எலிகளைப் போலவே சோர்ந்தன. சினைப்பையை நீக்கினால் பாதுகாப்பு போனது. விரை நீக்காத ஆண் எலிக்கு, காயத்துக்குப் பிறகு, புரோஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் ஃப்ளூட்டமைட் என்ற ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்தைக் கொடுத்தால் எதிர்ப்பு மீண்டது. மீட்புத் திரவத்தோடு ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான எஸ்ட்ராடயாலை ஒரே ஒரு ஊசி கொடுத்தாலும் பலன் இருந்தது. ஏற்கெனவே சந்தையில் இருக்கும், விலை குறைந்த மருந்துகள், அதுவும் அடிபட்ட பிறகு கொடுத்தே பலன் தருகின்றன என்றால் எந்த மருத்துவருக்குத்தான் ஆசை வராது?

அந்தச் சோதனைகளிலேயே ஒரு எச்சரிக்கையும் இருந்தது. ஆண் எலிகளில் மண்ணீரல் மேக்ரோஃபேஜ்கள் சோர்ந்துகொண்டிருந்த அதே வேளையில் கல்லீரலில் இருக்கும் அவற்றின் உறவுக்கார செல்களான குப்ஃபர் செல்கள் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. ஒரே உடம்பு, ஒரே ஹார்மோன், ஒரே நேரம், ஆனால் மண்ணீரலில் ஒரு கதை, கல்லீரலில் வேறு கதை. எதிர்ப்பைக் கூட்டுவது, குறைப்பது என்ற கணக்கு ஆரம்பத்திலிருந்தே இங்கே பொருந்தவில்லை.

தீக்காயத்துக்கு வந்தால் படம் இன்னும் புரள்கிறது. சிகாகோ பக்கம் லயோலா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கோவாக்ஸ் குழு எலிகளில் தீக்காயத்தை ஆராய்ந்தது. காயம் பட்டுப் பத்தாவது நாள் போலப் பார்த்தால் எதிர்ப்பு அடங்கிப்போயிருந்தது பெண் எலிகளுக்குத்தான், ஆண் எலிகளுக்கு இல்லை. அந்தப் பெண் எலிகளின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறியிருந்தது, ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுத்தால் எதிர்ப்பு திரும்பியது. ரத்தப்போக்கில் காப்பாற்றிய அதே ஹார்மோன் தீக்காயத்தில் காலை வாரியது! அப்புறம் அதே குழு, ஈஸ்ட்ரோஜன் குறைந்துபோன முதிய பெண் எலிகளுக்குத் தீக்காயத்துக்குப் பின் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தபோது நிலை தேறியது. மனிதர்களிலும் இதன் சாயல் உண்டு. அமெரிக்காவில் டாலஸ் தீக்காய மையத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டதில், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு இறக்கும் அபாயம் அதே வயது ஆண்களைவிடச் சுமார் இரு மடங்காக இருந்தது. பெண் ஹார்மோன் எப்போதும் கேடயம் என்று பேசுகிறவர்கள் இந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டி நான் அதிகம் பார்த்ததில்லை, காட்ட வேண்டும்.

ரத்த ஓட்டத்தில் இருக்கும் அளவும் ஒரு முக்கியமான விஷயம். ஈஸ்ட்ரோஜன் குறைந்த அளவில் சில எதிர்ப்புச் செல்களைத் தூண்டும், கர்ப்பகாலம் மாதிரி மிக உயர்ந்த அளவில் அவற்றிலேயே பலவற்றை அடக்கும். குழந்தையை உடல் விரட்டிவிடாமல் இருக்க அது தேவையும்கூட. எனவே "ஈஸ்ட்ரோஜன் கொடுத்தோம்" என்று மட்டும் எழுதியிருக்கும் ஆய்வைப் படித்தால், எவ்வளவு, எப்போது என்று அடுத்த வரியைத் தேடுங்கள்.

சரி, மனிதர்களுக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய விபத்துக்காயத் தரவு வங்கியை வைத்து அடில் ஹைதர் என்ற ஆய்வாளரின் குழு செய்த கணக்குகள் நிறையப் பேசப்படுகின்றன. ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போகும் அளவு கடுமையாக அடிபட்டவர்களை வயதுவாரியாகப் பிரித்தபோது, 13 முதல் 64 வயது வரை பெண்கள் இறக்கும் வாய்ப்பு ஆண்களைவிட 14 சதவீதம் போலக் குறைவாக இருந்தது. 12 வயது வரையிலான குழந்தைகளிலும் 65-ஐத் தாண்டியவர்களிலும் அப்படித் திடமான வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. ஹார்மோன் சுரக்கும் வயதில் மட்டும் வித்தியாசம் தெரிகிறது என்றால் சந்தேகம் ஹார்மோன் மேல் திரும்புவது நியாயம்தான். ஜெர்மனியின் விபத்துக்காயப் பதிவேட்டில் ஒரே மாதிரி அடிபட்ட ஆணையும் பெண்ணையும் இணை சேர்த்துப் பார்த்தபோது பெண்களுக்கு உறுப்புச் செயலிழப்பும் செப்சிஸும் குறைவாக இருந்தன, ஆனால் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. வேறு சில ஆய்வுகளில் எந்த வித்தியாசமும் கிடைக்கவில்லை. எலியில் பளிச்சென்று தெரிந்தது மனிதர்களில் மங்கலாகத்தான் தெரிகிறது.

ஏன் மங்கல்? எலியைப் புரோஈஸ்ட்ரஸ் நாள் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். விபத்து நாள் பார்த்து வருவதில்லை. எலியின் சுழற்சி நான்கைந்து நாளில் முடிந்துவிடும், பெண்ணுக்கு அது ஏறக்குறைய ஒரு மாதம், இதில் எஸ்ட்ராடயால் தாழ்ந்த நாளுக்கும் உச்ச நாளுக்கும் இடையில் பல மடங்கு வேறுபாடு. ஒருவர் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார், ஒருவர் மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுக்கிறார், ஒருவருக்குச் சினைப்பை நீக்கப்பட்டிருக்கிறது. இவை எதுவும் பெரும்பாலான விபத்துப் பதிவேடுகளில் இல்லை. ஆண், பெண், வயது, அவ்வளவுதான். இந்தப் பதிவேடுகளை வைத்து ஹார்மோனைப் பற்றி முடிவு சொல்வது, 25 வயதுப் பெண் எல்லாருக்கும் எல்லா நாளும் ஒரே ஹார்மோன் அளவு என்று எடுத்துக்கொள்வதற்குச் சமம். இன்னொன்றும் இருக்கிறது. பெண்களின் ரத்தம் சராசரியாகக் கொஞ்சம் எளிதாகவும் உறுதியாகவும் உறைகிறது, அதனால் ரத்தப்போக்கில் பெண்கள் பிழைப்பதில் ஒரு பங்கு எதிர்ப்பு மண்டலத்துக்கே சம்பந்தமில்லாமல் ரத்த உறைவால் வந்திருக்கலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், ஹார்மோன் எதிர்ப்பு மண்டலத்தை மாற்றுகிற மாதிரியே காயமும் ஹார்மோனை மாற்றுகிறது. பெரிய காயம், தீக்காயம், அறுவை சிகிச்சை எது நடந்தாலும் ஆணின் டெஸ்டோஸ்டிரோன் ஓரிரு நாளில் சரிந்துவிடும். மூளை, இனப்பெருக்கத்துக்கான உத்தரவுகளை நிறுத்திவைக்கிறது, நெருக்கடியில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது. கூடவே, கொழுப்புத் திசு போன்ற இடங்களில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் வேகம் கூடுகிறது, அதைக் கூட்டிவிடுவது அழற்சிச் சைட்டோகைன்களே. விளைவு, ஐசியுவில் கிடக்கும் ஒரு ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் தரைதட்டி, எஸ்ட்ராடயால் ஏறியிருக்கும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இப்படி ஏறும்.

2008-ல் வந்த ஒரு ஆய்வு இதைக் கையில் எடுத்து, கடுமையாக அடிபட்டவர்களின் ரத்தத்தில் ஹார்மோன்களை அளந்தது. எஸ்ட்ராடயால் அதிகம் இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள், ஆண் பெண் இரு தரப்பிலும். எலியில் உயிர் காத்தது, மனிதரில் சாவின் அறிகுறியாக வந்து நிற்கிறது. இதை வைத்து ஈஸ்ட்ரோஜன் கொல்கிறது என்று சொல்லிவிட முடியாது. மோசமாக அடிபட்டால் அழற்சி அதிகம், அழற்சி அதிகமானால் அரோமடேஸ் அதிகம், எனவே எஸ்ட்ராடயால் அதிகம். அது காயத்தின் கடுமையை அளந்து சொல்லும் அடையாளமாக மட்டும் இருக்கலாம், உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சியாகவும் இருக்கலாம், உண்மையிலேயே கெடுதலாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்த அளவை வைத்து அந்த ஆள் அடிபடும் முன் எந்த ஹார்மோன் நிலையில் இருந்தார் என்று சொல்ல வழியில்லை என்பது மட்டும் நிச்சயம். முன்பே இருந்த ஈஸ்ட்ரோஜன் ஒன்று, காயம் உண்டாக்கிய ஈஸ்ட்ரோஜன் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய கட்டுரைகள் ஏராளம்.

எலியிலிருந்து மனிதருக்கு நேரே தாவினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் கதையைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டைன், மூளையில் அடிபட்ட எலிகளில் பெண் எலிகள் சில நன்றாகத் தேறுவதைக் கவனித்தார். புரோஜெஸ்டிரோன் அதிகமாக இருந்த எலிகளுக்கு மூளை வீக்கம் குறைவாக இருந்தது. அடுத்தடுத்து வந்த விலங்குச் சோதனைகள் பலவும், இது அழற்சியைத் தணிக்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, செல்கள் சாவதைத் தடுக்கிறது என்று சாதகமாகவே சொல்லின. 2007-ல் 100 நோயாளிகளை வைத்து நடந்த ஆரம்பச் சோதனையிலும், 2008-ல் சீனாவில் 159 பேரை வைத்து நடந்ததிலும் நல்ல பலன் தெரிந்தது. பல வருடங்களாக ஒரு மருந்தும் வேலை செய்யாத துறையில் இது எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. புரோடெக்ட் 3 என்பதில் அடிபட்டு 4 மணி நேரத்துக்குள் மருந்தை ஆரம்பித்து 96 மணி நேரம் தொடர்ந்து ஏற்றினார்கள். 882 பேர் சேர்ந்த நிலையில், பலன் வராது என்று தெரிந்து நிறுத்திவிட்டார்கள். நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள் மருந்து பெற்ற தரப்பில் 51 சதவீதம், வெறும் திரவம் பெற்ற தரப்பில் 55.5 சதவீதம். இன்னொன்றான சினாப்ஸ், 21 நாடுகளில் 1,195 பேரை வைத்து நடந்தது. அங்கே 50.4-க்கு 50.5. அதாவது துளியும் வித்தியாசம் இல்லை. இரண்டும் 2014 டிசம்பரில் ஒன்றாக வெளிவந்தன.

எங்கே தவறியது என்பதைப் பற்றி இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. மருந்தின் அளவும் கால அளவும் சரியாகத் தேடிக் கண்டுபிடிக்கப்படவில்லை என்கிறார்கள் சிலர். நோயாளி தேறினாரா இல்லையா என்று அளக்கும் முறையே முரடாக இருக்கிறது, சின்ன பலனை அது பிடிக்காது என்கிறார்கள் சிலர். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, எலிக்கு ஒரே இடத்தில், ஒரே விசையில், தலையில் மட்டும் அடி. மனிதர் ஒருவருக்கு மூளைக்குள் ரத்தக்கட்டி, இன்னொருவருக்கு நரம்பிழைகள் கிழிந்திருக்கும், மூன்றாமவருக்கு நெஞ்சிலும் அடி, நான்காமவர் எண்பது வயதுக்காரர், ஐந்தாமவர் குடித்திருக்கிறார். எல்லாருக்கும் ஒரே ஹார்மோன், ஒரே அளவு, அவரவருக்கு ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே. அதே 2014-ல் வந்த ஒரு சின்ன ஆய்வு இதற்கு ஒரு குறிப்பு தருகிறது. தலையில் லேசாக அடிபட்ட பெண்களில், மாதவிடாய் சுழற்சியின் பிற்பாதியில், அதாவது இயல்பாகவே புரோஜெஸ்டிரோன் உயர்ந்திருக்கும் நாட்களில் அடிபட்டவர்கள், சுழற்சியின் முற்பாதியில் அடிபட்டவர்களையும் கருத்தடை மாத்திரை எடுத்தவர்களையும்விட ஒரு மாதம் கழித்துக் கொஞ்சம் மோசமாக இருந்தார்கள். ஹார்மோன் அதிகம் இருந்ததால் வந்த கேடா என்றால், ஆய்வாளர்களின் ஊகம் வேறு: அடிபட்டதும் அது திடீரென்று விழுந்துவிடுகிறது, அந்த விழுதல்தான் பிரச்சினை. உண்மையென்றால், எவ்வளவு இருக்கிறது என்பதோடு எந்த வேகத்தில் மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

டெஸ்டோஸ்டிரோன் பக்கமும் எதிர்ப்பைக் கெடுக்கும் வில்லன் என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய தீக்காயத்தில் உடல் தன் தசையையே கரைத்துச் செலவழிக்கிறது, தசை கரைந்தால் மூச்சு விடவும் இருமவும் தெம்பு குறையும், காயமும் ஆறாது. அதற்காகவே டெஸ்டோஸ்டிரோன் வகையைச் சேர்ந்த ஆக்ஸாண்ட்ரோலோனை ஆணுக்கும் பெண்ணுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், 2006-ல் வெளியான பல மையச் சோதனையில் நோயாளிகள் மருத்துவமனையில் இருக்கும் நாள் குறைந்தது. ஆனால் கல்லீரல் பாதிப்பு உள்ளிட்ட கவலைகளால் அமெரிக்காவில் 2023-ல் அந்த மருந்துக்கான அனுமதியே விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதுவரை சொன்னது உயிர் போகிற காயங்கள். சாதாரணத் தோல் காயத்திலும் இதே ஹார்மோன்கள் வேலை செய்கின்றன, அங்கே விஷயம் கொஞ்சம் தெளிவு. வயதானவர்களில் தோல் காயம் மெதுவாக ஆறுவதில் ஈஸ்ட்ரோஜன் குறைவுக்குப் பங்கு உண்டு. மான்செஸ்டரில் ஜில்லியன் ஆஷ்க்ராஃப்ட் குழு 1997-ல், ஈஸ்ட்ரோஜன் காயம் ஆறுவதை விரைவாக்குகிறது, அதில் டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியின் அளவு கூடுகிறது என்று காட்டியது. 2002-ல் ஆஷ்க்ராஃப்ட் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஆண்ட்ரோஜன் ஏற்பி வழியாக வரும் உத்தரவு காயத்தில் அழற்சியை நீட்டித்து ஆறுவதைத் தாமதப்படுத்துவது தெரிந்தது. மேக்ரோஃபேஜ்கள் குப்பையை அள்ளும் வேலையிலிருந்து திசுவைக் கட்டும் வேலைக்கு மாற வேண்டிய நேரத்தில் மாறாமல், அழற்சியிலேயே நின்றுவிடுகின்றன. ஹார்மோன் மாற்று சிகிச்சை எடுத்த முதிய பெண்களுக்குக் கால் ரத்தநாளப் புண்ணும் படுக்கைப் புண்ணும் குறைவாக வந்ததை 2002-ல் லான்செட் இதழில் வந்த ஒரு ஆய்வு பதிவு செய்தது.

அப்படியானால் பெண்களுக்குக் காயம் சீக்கிரம் ஆறும் என்று எடுத்துக்கொள்ளலாமா? வாய்க்குள் பாருங்கள். 2006-ல், இருநூறுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் மேலண்ணத்தில் சின்னக் காயம் உண்டாக்கித் தினமும் படம் எடுத்துப் பார்த்த ஆய்வில், எந்த வயதாக இருந்தாலும் பெண்களுக்குத்தான் மெதுவாக ஆறியது. தோலில் ஒரு விதி, வாயின் மென்சவ்வில் அதற்கு நேர்மாறு.

நரம்பில் அடிபட்டால் வரும் வலியில் கிடைத்த கண்டுபிடிப்பு என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது. மான்ட்ரியாலின் மெகில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு 2015-ல் வெளியிட்டது. நரம்பு காயப்பட்ட ஆண் எலிகளில் வலி நீடிப்பதற்குத் தண்டுவடத்தின் மைக்ரோக்ளியா என்ற எதிர்ப்புச் செல்கள் காரணம், அவற்றைத் தடுத்தால் வலி குறைகிறது. பெண் எலிகளில் அதே தடுப்பு எந்தப் பலனும் தரவில்லை. வலி என்னவோ இருவருக்கும் ஒரே அளவுதான், ஆனால் பெண் எலிகளில் அது டி செல்கள் வழியாக வருவதற்கான சான்றுகள் கிடைத்தன. பெண் எலிக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் அதுவும் மைக்ரோக்ளியா வழிக்கு மாறிவிடுகிறது. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்தில், உள்ளே இரண்டு வேறு பாதைகள். ஆண் எலியை மட்டும் வைத்து ஒரு வலி மருந்தைக் கண்டுபிடித்திருந்தால் அது பாதிப் பேருக்கு வேலையே செய்யாமல் போகலாம். நரம்பியல் ஆய்வுகளில் ஆண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தவை, பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தவற்றைவிட 5.5 மடங்கு என்று 2011-ல் வந்த ஒரு கணக்கு சொன்னது. பெண் விலங்குகளில் சுழற்சியால் முடிவுகள் அலைபாயும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பிறகு எண்ணிப் பார்த்தபோது பெண் எலிகளின் முடிவுகள் ஆண் எலிகளினுடையதைவிட அதிகம் அலைபாயவில்லை என்று தெரிந்தது. விலங்கு ஆய்வுகளில் இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கேட்கத் தொடங்கியது 2016-ல்தான். அவ்வளவு தாமதமாக! இத்தனை காலம் நாம் தெரிந்து வைத்திருந்ததில் எவ்வளவு பாதி உண்மை என்று நினைக்கும்போது கோபம்தான் வருகிறது.

எல்லாப் பழியையும் புகழையும் ஹார்மோன் மேல் போடவும் கூடாது. எக்ஸ் குரோமோசோமில் எதிர்ப்புக்கான ஜீன்கள் பல இருக்கின்றன. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைக்கப்பட்டிருக்கும் என்றாலும், வைரஸை உணரும் டிஎல்ஆர்7 போன்ற சில ஜீன்கள் சில செல்களில் அந்த அணைப்பிலிருந்து தப்பி இரண்டு பிரதியிலும் ஓடுகின்றன. குரோமோசோமையும் ஹார்மோனையும் பிரித்துப் பார்க்க, ஆண்மையைத் தீர்மானிக்கும் ஜீனை ஒய் குரோமோசோமிலிருந்து எடுத்து வேறு குரோமோசோமில் வைத்த எலிகளை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் இரண்டு எக்ஸ் இருந்தும் விரை உள்ள எலியும், எக்ஸ் ஒய் இருந்தும் சினைப்பை உள்ள எலியும் கிடைக்கும். காய ஆய்வுகளில் இந்த எலிகள் இன்னும் நிறையப் பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

நடைமுறையில் இதனால் என்ன? அடிபட்டவருக்கு எதிர்ப்பைச் சரிசெய்ய ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்து என எதுவும் இன்று வழக்கமான சிகிச்சையில் இல்லை. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். பெரிய காயத்துக்குப் பிறகு கால் ரத்தநாளத்தில் ரத்தம் கட்டும் அபாயம் ஏற்கெனவே அதிகம், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அதை மேலும் கூட்டும். அதனால் கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாற்று மாத்திரை, டெஸ்டோஸ்டிரோன் ஊசி, உடற்பயிற்சிக்காக எடுக்கும் அனபாலிக் ஸ்டீராய்டு, புரோஸ்டேட்டுக்கான ஹார்மோன் தடுப்பு, பால் மாற்றத்துக்கான ஹார்மோன் என எது எடுத்தாலும், அடிபட்டோ அறுவை சிகிச்சைக்கோ மருத்துவமனைக்குப் போனால் அதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்காகக் கூட இருப்பவர் சொல்லட்டும். தானாக நிறுத்தவும் வேண்டாம், தானாகத் தொடங்கவும் வேண்டாம், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

விபத்துப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கடைசி மாதவிடாய் எப்போது, மாதவிடாய் நின்றுவிட்டதா, சினைப்பை இருக்கிறதா, ஹார்மோன் மருந்து எதுவும் உண்டா என்ற நான்கு கேள்விகளும், முதல் ரத்த மாதிரியில் ஒரு சிறு பங்கை ஹார்மோன் அளவுக்காக எடுத்து வைப்பதும் பதிவேட்டில் சேரட்டும். அந்த முதல் மாதிரி முக்கியம். ஒரு நாள் கழித்து எடுத்தால் அதில் இருப்பது காயம் மாற்றிவிட்ட அளவு, அடிபட்டபோது அந்த உடம்பில் ஓடிய அளவு அதற்குள் போய்விட்டிருக்கும்.